லாக் இன் பிறந்த கதை

ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் புரட்டி ‘லாக்’ என்ற சொல்லைத் தேடினால் முதலில் கிடைக்கும் பொருள் மரக்கட்டை. கிளை கழித்து வெட்டிப் போட்ட அடிமரம். ‘இன்’ என்றால் உள்ளே. மின் கட்டணம் கட்டவும் ரயில் டிக்கெட் எடுக்கவும் பிள்ளையின் தேர்வு முடிவைப் பார்க்கவும் நாம் அன்றாடம் செய்கிற ‘லாக் இன்’னுக்கு எந்த மரத்தோடும் உறவு இருப்பதாகத் தெரியவில்லை.

வினைச்சொல் ஒன்றோடு ‘இன்’, ‘அவுட்’, ‘அப்’, ‘ஆஃப்’ போன்ற சிறுசொல் சேர்ந்து, இரண்டுக்கும் தனித்தனியே இல்லாத புதுப்பொருளைத் தருவதை ஆங்கில இலக்கணத்தில் ஃபிரேசல் வெர்ப் என்பார்கள். ‘கிவ் அப்’ என்றால் கைவிடுதல், ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுதல் என்று பள்ளியில் பட்டியலாக உருப்போட்டிருப்போம். உருப்போட்டது தேர்வோடு மறந்துவிடும். இப்படிப்பட்ட பல தொடர்களுக்குப் பின்னால் யாரோ செய்த ஒரு வேலையும் யாரோ கையாண்ட ஒரு கருவியும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லிக்கொடுத்தால் சொல் மனத்தில் தங்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை. லாக் இன்னுக்குப் பின்னால் இருப்பது அகராதி சொன்ன அதே மரக்கட்டைதான். 450 ஆண்டுகளுக்கு முன் அது கடலில் மிதந்தது.

கரை கண்ணில் படாத நடுக்கடலில் கப்பல் எந்த இடத்தில் இருக்கிறது என்று அறிவது அன்றைக்கு உயிர்ப் பிரச்சினை. வடக்கு தெற்காக எவ்வளவு தூரம் என்பதைச் சூரியனையும் துருவ நட்சத்திரத்தையும் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம். கிழக்கு மேற்காக எவ்வளவு என்பதைச் சொல்ல நம்பகமான வழி 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை கிடைக்கவில்லை. அதனால் மாலுமிகள் கணக்குப் போட்டார்கள். எந்தத் திசையில் போகிறோம் என்பதைத் திசைகாட்டி சொல்லும். எவ்வளவு நேரம் போனோம் என்பதை மணற்கடிகாரம் சொல்லும். வேகம் மட்டும் தெரிந்துவிட்டால் நேற்று நின்ற புள்ளியிலிருந்து இன்றைய புள்ளியை வரைபடத்தில் குறித்துவிடலாம். அந்த வேகத்தை அளக்கத்தான் மரக்கட்டை வந்தது.

இந்த முறையை முதன்முதலில் அச்சில் விளக்கியவர் வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர். தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் கிரேவ்ஸெண்ட் என்ற ஊரில் சத்திரம் நடத்தியவர், பீரங்கி வேலையும் தெரிந்தவர். சாதாரண மாலுமிகளுக்காக 1574இல் ‘எ ரெஜிமென்ட் ஃபார் தி ஸீ’ என்ற நூலை எழுதினார். கயிற்றில் கட்டிய கட்டையைக் கடலில் எறிந்து, கப்பல் அதைவிட்டு எவ்வளவு தூரம் விலகுகிறது என்று குறிப்பிட்ட நேரத்துக்குள் அளப்பதை அதில் விளக்கினார்.

எறிந்தது வெறும் கட்டையாக நெடுநாள் இருக்கவில்லை. கால்வட்ட வடிவில் அறுத்த பலகையாக மாறியது. அதன் வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பார்கள். ஈயத்தின் எடையால் பலகை தண்ணீரில் செங்குத்தாக நிற்கும், கப்பலோடு இழுபடாமல் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். வடிவம் மாறினாலும் பெயர் மாறவில்லை. மாலுமிகளுக்கு அது ‘லாக்’தான், அதில் கட்டிய கயிறு ‘லாக் லைன்’.

வேலைக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் கயிறு சுற்றிய உருளையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பார். ஒருவர் மணற்கடிகாரத்தோடு நிற்பார். மூன்றாமவர் கப்பலின் பின்பக்கத்திலிருந்து பலகையை எறிவார். கப்பல் கிளப்பும் சுழிப்பைத் தாண்டிப் பலகை அமைதியான தண்ணீருக்குப் போகும்வரை முதல் பகுதிக் கயிற்றைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அந்தப் பகுதி முடியும் இடத்தில் ஒரு துணித்துண்டு கட்டியிருக்கும். துணி கையைக் கடந்ததும் குரல் கொடுப்பார், கடிகாரத்தைக் கவிழ்ப்பார்கள். மணல் ஓடி முடிந்ததும் இன்னொரு குரல், கயிற்றைச் சட்டென்று இறுக்கிப் பிடிப்பார். அதுவரை எத்தனை முடிச்சுகள் கைவழியே ஓடின என்பதே கப்பலின் வேகம். இழுத்த வேகத்தில் பலகையில் செருகிய முளை பிடுங்கிக்கொள்ளும், பலகை தண்ணீரில் படுத்துவிடும், இழுப்பது சுலபமாகும். இன்றும் கப்பலின் வேகத்தையும் புயற்காற்றின் வேகத்தையும் ‘நாட்’ என்ற அலகில் சொல்கிறார்களே, ‘நாட்’ என்றால் முடிச்சு. இந்தக் கயிற்று முடிச்சுதான் அது.

முடிச்சுகளுக்கு இடையே எவ்வளவு நீளம் விட வேண்டும் என்பதில் ஒரு நீண்ட தகராறு நடந்தது. பூமியின் சுற்றளவை ஆங்கிலேய மாலுமிகள் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். கடல்மைல் 5,000 அடி என்று கொண்டு, 30 விநாடிக் கடிகாரத்துக்கு 42 அடிக்கு ஒரு முடிச்சு போட்டார்கள். ரிச்சர்ட் நோர்வுட் என்ற கணித ஆசிரியர் லண்டனிலிருந்து யார்க் நகரம்வரை சங்கிலி போட்டும் காலடியை எண்ணியும் அளந்து, கடல்மைல் 6,000 அடிக்கும் மேல் என்று 1637இல் நூலாக வெளியிட்டார். அதன்படி முடிச்சு இடைவெளி சுமார் 50 அடியாக இருக்க வேண்டும். ஆனால் பழைய இடைவெளியை மாலுமிகள் எளிதில் விடவில்லை. முடிச்சுகள் நெருக்கமாக இருந்தால் எண்ணிக்கை கூடும், கணக்கில் கப்பல் உண்மையான இடத்தைத் தாண்டி முன்னால் நிற்கும். கரை வரப்போகிறது என்ற எச்சரிக்கை முன்கூட்டியே வந்துவிடும் அல்லவா? பாறையில் மோதுவதைவிட அந்தப் பிழையே மேல் என்று அவர்கள் கருதினார்கள். பின்னாளில் 28 விநாடிக்கு 47 அடி 3 அங்குலம் என்ற கணக்கு நிலைத்தது. 6,080 அடிக் கடல்மைலுக்கு அது சரியாகப் பொருந்துகிறது.

இந்தக் கருவி எவ்வளவு அடிப்படையானது என்பதற்கு வில்லியம் பிளையின் கதையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1789 ஏப்ரல் 28 அன்று ‘பவுண்டி’ கப்பலில் கலகம் மூண்டு, தலைவரான பிளையையும் அவர் பக்கம் நின்ற 18 பேரையும் 23 அடிப் படகு ஒன்றில் இறக்கிப் பசிபிக் கடலில் விட்டார்கள். டோஃபுவா தீவில் நடந்த தாக்குதலில் ஒருவர் இறந்தார். மற்றவர்களோடு பிளை தீமோர் தீவுக்குப் படகைச் செலுத்தினார். சுமார் 3,600 கடல்மைல். கையில் கடல் வரைபடம் இல்லை. முதல் சில நாள் வேகத்தை ஊகமாகத்தான் குறித்தார். பிறகு இருந்த கயிற்றில் முடிச்சுகள் போட்டு ஒரு லாக் லைன் செய்தார்கள். மணற்கடிகாரம் இல்லாததால் விநாடிகளை வாயால் சீராக எண்ணப் படகில் இருந்த சிலர் பயிற்சி எடுத்துக்கொண்டார்கள். பசியிலும் மழையிலும் நனைந்தபடி எண்ணினார்கள். ஜூன் 14 அன்று தீமோரின் கூபாங் துறைக்குப் படகு போய்ச் சேர்ந்தது.

அளந்ததை உடனே எழுத வேண்டும், எழுதாவிட்டால் அளந்ததற்கே பயன் இல்லை. கறுப்புச் சாயம் பூசிய மடிப்புப் பலகையில் ஒவ்வொரு காவல்முறையிலும் சுண்ணக்கட்டியால் குறித்துவைப்பார்கள். மணி, முடிச்சு, முடிச்சின் பின்னம், திசை, காற்று என்று கட்டங்கள் இருக்கும். கட்டங்களுக்கு அப்பால் ‘குறிப்புகள்’ என்று ஓர் அகலமான இடம். நண்பகலில் பலகையில் இருப்பதை ஒரு பெரிய ஏட்டில் பெயர்த்தெழுதிவிட்டுப் பலகையைத் துடைப்பார்கள். கப்பலின் நாளே அக்காலத்தில் நண்பகலில்தான் பிறந்தது. லாக்கின் அளவைப் பதிந்த ஏடு என்பதால் அதற்கு ‘லாக் புக்’ என்று பெயர் வந்தது. போகப்போக அந்த ஏட்டையே சுருக்கமாக ‘லாக்’ என்றார்கள். மிதந்த கட்டையின் பெயர் அதைப் பதிந்த புத்தகத்தின் பெயரானது இப்படித்தான்.

குறிப்புகள் என்ற கட்டத்தில் எல்லாம் ஏறின. பாய் கிழிந்தது, நோயாளி இறந்தார், திமிங்கலம் தெரிந்தது, இன்னாருக்கு இன்ன தண்டனை. பிரிட்டிஷ் கடற்படையில் லாக் எழுதியவர் தலைவர் மட்டும் அல்ல. மாலுமிப் பொறுப்பாளரும் லெப்டினன்ட்களும் தனித்தனியே எழுத வேண்டும். தன் ஏட்டை ஒப்படைக்காத லெப்டினன்டுக்குச் சம்பளம் கிடைக்காது. ஒரே கப்பல், ஒரே நாள், மூன்று நான்கு ஏடுகள். ஒருவர் மறைத்ததை இன்னொருவர் எழுதியிருப்பார். பதிவையும் சம்பளத்தையும் சேர்த்துக் கட்டிய இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் லாக் ஏடுகள் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. நம் சென்னைக் கடலும் அவற்றில் உண்டு. அன்றைக்குச் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்க, மசூலா படகுகள்தான் ஆளையும் சரக்கையும் அலையைக் கடந்து ஏற்றி இறக்கின. நின்ற நாட்களிலும் காற்றும் வெப்பமும் காற்றழுத்தமும் லாக்கில் ஏறியபடி இருந்தன. 1789 முதல் 1834 வரையான சுமார் 900 ஏடுகளிலிருந்து வானிலைக் குறிப்புகளை எடுத்து, பருவநிலை ஆய்வாளர்கள் அக்காலத்து வெப்பநிலையைக் கணித்திருக்கிறார்கள். மணிக்கு மணி எழுதிய மாலுமிகளுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அன்றைய வேலையை ஒழுங்காகப் பதிந்தார்கள், அவ்வளவே.

பெயர்ச்சொல்லாக இருந்தது பிறகு வினையானது. ‘டு லாக்’ என்றால் ஏட்டில் பதிதல். வணிகக் கப்பலில் ஒருவர் ‘லாக்’ செய்யப்பட்டார் என்றால் அவருடைய குற்றம் அதிகாரபூர்வ ஏட்டில் ஏறி, அபராதமும் விழுந்துவிட்டது என்று பொருள். 20ஆம் நூற்றாண்டில் விமானிகள் பறந்த மணிகளை லாக் செய்தார்கள், லாரி ஓட்டுநர்கள் ஓட்டிய மணிகளை லாக் செய்தார்கள். கட்டை கடலிலேயே நின்றுவிட, ஏடு மட்டும் கரையேறியது. பள்ளி மாணவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கணக்கு வகுப்பின் ‘லாக் டேபிள்’ இந்தக் குடும்பம் அல்ல. அது 1614இல் ஜான் நேப்பியர் கிரேக்கச் சொற்களைக் கூட்டி உண்டாக்கிய ‘லாகரிதம்’ என்பதன் சுருக்கம்.

கரையேறிய ஏடு கணினி அறைக்கும் வந்தது. முதல் தலைமுறைக் கணினிகள் ஓர் அறை முழுக்க நிற்கும். என்ன ஓடியது, என்ன பழுதானது என்று எழுத அருகிலேயே ஒரு நோட்டு இருக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினி முதன்முதலாக இயங்கியதும், 0 முதல் 99 வரை வர்க்க அட்டவணையை அச்சிட்டதும் அதன் லாக்கில் 1949 மே 6 என்ற தேதியில் பதிவாகியிருக்கின்றன. அதற்கு முன்பே, 1947 செப்டம்பர் 9 அன்று, ஹார்வர்டின் மார்க் 2 கணினியின் ரிலேயில் ஒரு விட்டில்பூச்சி சிக்கியிருந்தது. இயக்குநர்கள் அதை எடுத்து லாக் நோட்டின் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டினார்கள். அந்தப் பக்கம், பூச்சியோடு, வாஷிங்டனில் உள்ள ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி ‘இன்’ வந்து சேர்கிற இடம். 1950களில் பெரும்பாலானோர் கணினியை நேரடியாகத் தொட முடியாது. துளையிட்ட அட்டைக் கட்டை இயக்குநரிடம் கொடுத்துவிட்டு விடைக்காக மணிக்கணக்கில், சில சமயம் மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். விடையில் ஒரு காற்புள்ளிப் பிழை இருந்தால் மறுபடியும் வரிசை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ஃபெர்னாண்டோ கோர்பட்டோவுக்கு இது பொறுக்கவில்லை. ஒரே கணினியின் நேரத்தைத் துணுக்குத் துணுக்காகப் பிரித்துப் பல பேருக்கு மாறி மாறிக் கொடுத்தால், ஒவ்வொருவருக்கும் கணினி தன்னிடமே இருப்பதுபோலத் தோன்றும் என்று அவர் குழு ஓர் ஏற்பாட்டை உருவாக்கியது. 1961 நவம்பரில் ஐபிஎம் 709 கணினியில் அதை இயக்கிக் காட்டினார்கள். சிடிஎஸ்எஸ் என்பது அதன் பெயர்.

மறு ஆண்டு கோர்பட்டோவும் சக ஆய்வாளர்களும் ஒரு மாநாட்டில் அளித்த கட்டுரையில் அதன் கட்டளைகள் வரிசையாக உள்ளன. ‘லாகின்’ என்று தட்டி, கூடவே தன் ஆய்வின் எண் போன்ற அடையாள விவரங்களைத் தர வேண்டும். அது கிடைத்ததும் நேரக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வேலை முடிந்ததும் ‘லாகவுட்’. அப்போது, எவ்வளவு நேரம் ஓடியது என்ற கணக்கு அட்டையில் துளையிடப்பட்டு வெளியே வரும். இந்த விவரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிறந்தபோது லாகின்னுக்குப் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. இன்னார் வந்தார், இன்ன நேரம் எடுத்துக்கொண்டார் என்ற ஏட்டுக் கணக்கே அதன் வேலை. கணினி நேரம் அவ்வளவு விலை உயர்ந்தது.

இதில் இன்னொரு பழைய உறவும் இருக்கிறது. ஆலைத் தொழிலாளி உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அட்டையில் நேரத்தைப் பதிவதை ஆங்கிலத்தில் ‘கிளாக் இன்’, ‘கிளாக் அவுட்’ என்பார்கள். அந்தக் கடிகாரங்களைச் செய்த நிறுவனங்களில் ஒன்று 1911இல் வேறு சில நிறுவனங்களோடு இணைந்தது, இணைந்த நிறுவனம் 1924இல் ஐபிஎம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆலை வாசலில் நேரம் குறித்த கம்பெனியின் கணினியில்தான் லாகின்னும் முதலில் தட்டப்பட்டது. ‘இன்’, ‘அவுட்’ என்ற சிறுசொற்களின் பொருளை இந்த ஆலைக் கடிகாரத்தோடு சேர்த்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும்: வரவைப் பதி, போக்கைப் பதி.

கடவுச்சொல் பிறகு வந்தது. பல பேர் தங்கள் கோப்புகளை ஒரே கணினியில் வைத்ததால் அது தேவைப்பட்டது. வந்த கையோடு களவும் போனது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்குச் சில மணி நேரமே ஒதுக்கியிருந்தார்கள், அவர் ஆய்வுக்கு அது போதவில்லை. 1962இல் ஒரு துளையட்டை வழியாகக் கடவுச்சொல் கோப்பையே அச்சிட வைத்து எடுத்துக்கொண்டு, பிறர் கணக்கில் நுழைந்து வேலை பார்த்தார். கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத்தான் அதை வெளியே சொன்னார். 1966இல் இன்னொரு சம்பவம். ஒரே நேரத்தில் இருவர் இரண்டு கோப்புகளைத் திருத்தியதில், அன்றைய அறிவிப்பும் கடவுச்சொல் கோப்பும் இடம் மாறிவிட்டன. லாகின் செய்த ஒவ்வொருவர் முனையத்திலும் எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாயின.

1969 அக்டோபர் 29, இரவு பத்தரை மணி. லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் லெனர்ட் கிளைன்ராக்கின் ஆய்வுக்கூடத்தில் சார்லி கிளைன் என்ற மாணவர் உட்கார்ந்திருக்கிறார். நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால், மென்லோ பார்க்கில் இருக்கும் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் பில் டுவால். இன்றைய இணையத்தின் மூதாதையான ஆர்பாநெட்டில் முதல் செய்தி போகப்போகிறது. அனுப்ப நினைத்த சொல் ‘லாகின்’. கிளைன் ‘எல்’ தட்டினார், எதிர்முனையில் வந்துவிட்டது என்று தொலைபேசியில் டுவால் சொன்னார். ‘ஓ’ தட்டினார், அதுவும் வந்தது. அடுத்த எழுத்தில் எதிர்முனைக் கணினி நிலைகுலைந்தது. அதைச் சரிசெய்து சுமார் ஒரு மணி நேரத்தில் முழுச் சொல்லையும் அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு ஒளிப்படம் எடுக்க யாரும் இல்லை. நமக்குக் கிடைத்திருக்கும் ஆதாரம், கருவியின் அருகே வைத்திருந்த நோட்டில் 22:30 என்று நேரம் குறித்துக் கையால் எழுதிய ஒரு வரி. அந்த நோட்டுக்கும் லாக் என்றுதான் பெயர். இணையத்தின் முதல் லாகின்னை ஒரு லாக் ஏடு காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

பயன்பாட்டைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறவர்களுக்கு உதவும். வினையாக எழுதும்போது ‘லாக்’ வேறு, ‘இன்’ வேறு, நடுவே இடம் விட வேண்டும். இறந்த காலத்தில் ‘லாக்டு இன்’. பெயராக எழுதும்போது ஒரே சொல்: ‘லாகின் பக்கம்’, ‘லாகின் எண்’. ‘லாகின்டு’ என்று எழுதுவது பிழை. கணக்கின் பெயர் பின்னால் வந்தால் ‘லாக் இன் டு’ என்று எழுதுவது முறை. ‘இன்’ வினையோடு சேர்ந்தது, ‘டு’ கணக்கோடு சேர்ந்தது. ‘இன்டு’ என்று சேர்த்து எழுதுவதும் பரவிவிட்டது. ‘லாக் ஆன்’ என்பதற்கும் ஏறக்குறைய அதே பொருள்தான். யூனிக்ஸ் இயங்குதளத்தின் வழி வந்தவர்கள் லாகின் என்றார்கள், மைக்ரோசாஃப்ட் நெடுங்காலம் லாக் ஆன் என்றது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அதுவும் ‘சைன் இன்’ என்று மாறிவிட்டது. ‘லாக்’ என்பதன் பழைய பொருள் மறந்துபோனதால் இந்த மாற்றம் யாரையும் உறுத்தவில்லை.

நம்மூர்ப் பேச்சில் அந்தப் பழைய பொருள் மறுபடி தலைகாட்டுகிறது என்பதுதான் அதிசயம். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தவரிடம் முகவர், ‘சார், உங்க ஃபைல் லாகின் ஆயிடுச்சு’ என்பார். விண்ணப்பம் வங்கிக் கணக்கில் பதிவாகி எண் விழுந்துவிட்டது என்று பொருள். அதற்குக் கட்டுகிற தொகைக்கு லாகின் ஃபீஸ் என்று பெயர். கால் சென்டரில் வேலை செய்யும் பெண், ‘நாளைக்கு எனக்கு ஆறு மணி லாகின்’ என்றால் வேலை தொடங்கும் நேரத்தைச் சொல்கிறாள். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பிகளின் பேச்சில் ‘லாகின் ஹவர்ஸ்’ வராத நாள் கிடையாது. இத்தனை மணி செயலியில் இருந்தால்தான் ஊக்கத்தொகை. மழையில் ஓர் ஓரமாக வண்டியை நிறுத்திக்கொண்டு, ‘அண்ணா, இன்னும் நாற்பது நிமிஷம் லாகின் காட்டணும்’ என்று சொல்கிறவர் நுழைவதைப் பற்றிப் பேசவில்லை. பதிவாவதைப் பற்றிப் பேசுகிறார். ஆங்கில அகராதிகளில் இல்லாத இந்தப் பயன்பாடுகள் சொல்லின் வேருக்கு மிக நெருக்கமானவை.

தமிழில் பெரும்பாலான செயலிகள் ‘உள்நுழைக’ என்று போடுகின்றன. புரிகிறது, குறை சொல்ல ஏதுமில்லை. தமிழ் விக்கிப்பீடியா ‘புகுபதிகை’ என்கிறது, வெளியேறுவதை ‘விடுபதிகை’ என்கிறது. என் ஓட்டு இதற்குத்தான், ஏனென்றால் பதிவு என்ற உயிர்ப்பகுதி இதில் இருக்கிறது. 1997இல் ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர் தான் வலையில் படித்தவற்றைக் குறித்துவைத்த பக்கத்தை ‘வெப்லாக்’ என்றார், 1999இல் அது ‘பிளாக்’ என்று குறுகியது. அதை நம்மவர்கள் வலைப்பதிவு என்று சொன்னபோதும் சரியாகவே வேரைப் பிடித்தார்கள்.

இப்போது ஏடு யார் கையில் இருக்கிறது என்று யோசியுங்கள். நாம் லாக் இன் செய்யும் ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு சர்வரில் நம் பெயரும் நேரமும் கருவியும் ஊரும் ஒரு கோப்பில் ஏறுகின்றன. அந்தக் கோப்புக்கும் லாக் என்றே பெயர். கப்பலில் லெப்டினன்டின் ஏடு அவர் கையாலேயே எழுதப்பட்டது, நம்முடையதை எழுதுவது முழுக்க எதிர்த்தரப்பு. தகராறு வந்தால் எதிர்த்தரப்பின் கணக்கு மட்டுமே சாட்சியாக நிற்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். உங்கள் மின்னஞ்சல் கணக்கின் பாதுகாப்புப் பகுதியைத் திறந்தால், எந்தெந்தக் கருவியிலிருந்து எப்போது லாக் இன் ஆனது என்ற பட்டியல் இருக்கும். மாதம் ஒருமுறையாவது அதைப் பாருங்கள். தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றிவிட்டு, கடவுச்சொல்லை மாற்றுங்கள். லாகின் நேரத்தை வைத்துச் சம்பளம் வாங்குகிறவராக இருந்தால், தினமும் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி, செயலி காட்டும் மணிக்கணக்கை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேதிவாரியாக வையுங்கள்.